லிப்ட் ஓய்வில் உள்ளது

களைத்துப்போனவர்களை மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பார்ப்பது என்று முதலில் முடிவெடுத்த மகான் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு சிலை வைத்திருக்கலாம், அதையும் மூன்றாவது மாடியிலேயே. கீழ்த்தளத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஒரு அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள், அடுத்த அறையில் உடையப்போகும் நாற்காலிகளை. நோயாளிகளுக்குத்தான் அங்கே இடம் கிடையாது.

அந்த மாடியில் இருந்த வாரியத்தின் பெயர் 'பெருந்தொற்றுக்குப் பிந்தைய நீடித்த களைப்பு மெய்ப்பிப்பு வாரியம்'. சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும் என்பதால் ஊர் அதைக் 'களைப்பு ஆபீஸ்' என்றது. கோவிட் வந்து போன பிறகும் அதன் அசதி போகாமல் உடம்பிலேயே குடியிருக்கிறது என்று யாராவது சொன்னால், அது நிஜமா நடிப்பா என்று கண்டுபிடிப்பது அந்த ஆபீஸின் வேலை. நடிப்பு என்று கண்டுபிடிப்பதில் அதற்கு நல்ல பெயர்.

மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு டெய்லர் அந்தக் கட்டடத்துக்குள் முதல்முறை நுழைந்தபோது லிப்டின் கதவில் ஒரு பலகை தொங்கியது. 'லிப்ட் ஓய்வில் உள்ளது.' காகிதத்தில் கிறுக்கி ஒட்டியிருந்தால் இன்றோ நாளையோ ஓடும் என்று நம்பலாம். இது தகரப் பலகை, நல்ல எண்ணெய்ப் பெயிண்டில் நிதானமாக எழுதி, நாலு மூலையிலும் பூ போட்டிருந்தது.

டெய்லரின் மனைவியைத் தெருவில் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகாரிகள் குடியிருப்பிலிருந்து, மேட்டின் மேல் இருக்கும் இந்த அலுவலக வளாகத்துக்கு வரும் ஆபீஸ் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த மேட்டில் ஏற்றி இறக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. நிறைந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது என்று அதிகாரிகளே சொல்வார்கள். ஒருத்தரைப் பற்றி அதிகாரிகள் நல்ல வார்த்தை சொல்வது அபூர்வம், அதனால் டெய்லர் அதை எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்லிவைத்திருந்தார்.

பிறகு கோவிட் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, டிரைவரம்மா மட்டும் திரும்பி வரவில்லை. தலை வாரினால் படுக்க வேண்டும். குளித்தால் அன்றைய நாள் அதோடு சரி. எதிரே இருக்கும் கத்தரிக்கோலைக் காட்டி, "அந்த... அதை எடுங்க, துணி வெட்டறதை" என்பார். தையல் மெஷின் சத்தம் தலைக்குள் ஆணி அடிக்கிறது என்றதும் டெய்லர் மெஷினைப் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குத் தூக்கிப் போனார். மழை வந்தால் தையலும் நிற்கும். மகள் தானே சடை பின்னிக்கொள்ளப் பழகினாள், ஒன்று தடியாக, ஒன்று ஒல்லியாக. சத்தமில்லாமல் கதவைச் சாத்தப் பழகினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அந்த வயதுப் பிள்ளை பார்க்கிற பார்வை இல்லை அது.

டெய்லரின் அக்கா ஒருத்தி உண்டு. "எனக்கும்தான் வந்துச்சு. மறுவாரமே எந்திரிச்சு வீடு கழுவினேன்" என்று வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். அவளையும் வாரியத்தில் ஒரு உறுப்பினராகப் போட்டிருக்கலாம், தகுதிக்குக் குறைவில்லை.

நடுவில் ஒருமுறை டிரைவரம்மா வேலைக்குத் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் நாளே பஸ் ஒரு சிக்னலில் நின்றது. பச்சை விழுந்தது. எந்தக் காலை எதில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கை பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்து, சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. அன்று வீட்டுக்கு வந்து, "என் முதுகுக்குப் பின்னாடி நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. இனிமே நான் தொட மாட்டேங்க" என்றார். அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

டிப்போ மேனேஜர் நல்ல மனிதர்தான். "சாவி ரூம்ல உக்கார வச்சிடறேன்மா. உக்காந்த எடத்துல வேலை. களைப்பு ஆபீஸ்ல ஒரு சீட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

"சீட்டு இல்லன்னா?"

"பஸ் எடுக்கணும். இல்லன்னா வேலைய விடணும். நான் போட்ட சட்டம் இல்லம்மா."

இப்படித்தான் அவர்கள் அந்தத் தகரப் பலகையின் முன்னால் வந்து நின்றார்கள்.

படிக்கட்டில் ஜனங்கள் துவைத்துப் போட்ட துணி மாதிரி ஆங்காங்கே கிடந்தார்கள். கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவர், படியில் தலை சாய்த்தபடி ஒருவர், பாதி ஏறித் திரும்பி இறங்கிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் ஒரு வாசகம் இருந்தது. 'உறுதியே மருந்து.' 'இன்னும் கொஞ்சம்தான்.' மேலேயிருந்து குமாஸ்தா அம்மா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட நேரத்தில் மேலே இல்லாதவர் வராதவர் என்று எழுதப்படுவார். டிரைவரம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எழுந்து, எப்படியோ தன் பெயர் வருவதற்குள் மேலே போய்ச் சேர்ந்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

உள்ளே ஒரு நீள மேஜை. நடுவில் தலைவர். டெய்லரின் கண் தொழில் புத்தியில் முதலில் சட்டையைத்தான் பார்த்தது. வயிற்றருகே பொத்தான் இரண்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தன, மார்பில் பழைய டீக்கறை. இடது பக்கம் டாக்டர், கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார், லேசாகக் குறட்டை வந்தது. வலது பக்கம் 'மன உறுதி நிபுணர்' என்ற பலகையோடு ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

முதலில் உறுதிமொழி. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். "என் களைப்பு என் எண்ணத்தில் இருக்கிறது. எண்ணத்தை மாற்றுவேன். எழுந்து நிற்பேன்." எழுந்து நின்றவர்களைக் குமாஸ்தா அம்மா குறித்துக்கொண்டார். முடியாமல் உட்கார்ந்தே இருந்த ஒரு கிழவரையும் குறித்துக்கொண்டார், ஒத்துழைக்காதவர் என்று.

"எப்படிம்மா வந்தீங்க?" என்றார் தலைவர்.

"படியேறித்தான் சார்."

"மூணு மாடியும்?"

"நின்னு நின்னு வந்தேன் சார்."

"வந்துட்டீங்கல்ல." தலைவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பெருமையாகப் பார்த்தார். "ஏறி வந்திருக்காங்க. குறிச்சுக்கங்க."

டெய்லருக்குக் குழப்பமாக இருந்தது. "சார், தெரியாம கேக்கறேன். அப்ப ஏற முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்கதான் வர்றதில்லையே. வராதவங்களுக்கு என்ன நோய்னு நாங்க எப்படிச் சொல்றது?" தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்த வாரியம் தொடங்கினதுலேர்ந்து இந்த ரூமுக்குள்ள களைச்சுப்போன ஆள் ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்ல. அப்ப நோய் எவ்வளவு கட்டுக்குள்ள இருக்குன்னு பாத்துக்கங்க. வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வந்து விசாரிச்சுட்டுப் போறாங்க."

அடுத்து ஞாபகச் சோதனை. மன உறுதி நிபுணர் ஐந்து வார்த்தைகள் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். "சாவி" என்றார் டிரைவரம்மா. "குடை..." பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நிபுணர் மீதி வார்த்தைகளுக்காகத் தன் காகிதத்தைத் தேடினார். அதன்மேல் டாக்டரின் டீ டம்ளர் உட்கார்ந்திருந்தது.

"மத்தது என்னங்க?" என்று டெய்லர் கேட்டார்.

"மத்தது முக்கியமில்ல. ரெண்டு சொல்லிட்டாங்களே, எனக்கே..." என்று தொடங்கிய நிபுணர் அதோடு நிறுத்திக்கொண்டார். "பாருங்கம்மா, எனக்கும் கோவிட் வந்துச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு, எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன். போயிடுச்சு."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. தனக்கு வந்தும் தெரியாதவர்கள் ஒருநாள் வாரியத்தில் உட்காருவார்கள் என்பதைப் பழமொழி சொன்னவர் எதிர்பார்க்கவில்லை.

"என்னால ஓட்ட முடியாது சார்" என்றார் டிரைவரம்மா. "ரோடு மறந்துபோகுது. கால் மறந்துபோகுது."

தலைவர் அப்போதுதான் அவரை உற்றுப் பார்த்தார். "அட, நீங்களா? எங்க பஸ் ஓட்டினவங்கதானே? மாஸ்க் போட்டிருந்ததுல அடையாளம் தெரியல. உங்களுக்குப் பதிலா ஒருத்தனைப் போட்டிருக்காங்க பாருங்க, ஒவ்வொரு பள்ளத்துலயும் என் டீ சட்டையில கொட்டுது." மார்பைத் தொட்டுக் காட்டினார். "உங்களப் போயி தகுதி இல்லன்னு எழுதறதுக்கு எனக்கு மனசு வருமாம்மா?"

முழுத் தகுதி என்று எழுதினார்கள்.

அந்தப் படிகளுக்கு உடம்பு வட்டி போட்டு வசூலித்தது. ஒரு வாரத்துக்கு மேல் டிரைவரம்மாவால் எழ முடியவில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டார் டெய்லர். வெளிச்சம்கூட வலித்தது. மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுப்பாடத்தைச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தாள்.

மேல்முறையீட்டுக்கு டெய்லர் தனியாகப் போனார்.

"நோயாளி எங்க?"

"படுத்திருக்கா சார். எந்திரிக்க முடியல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அத அவங்கல்ல வந்து சொல்லணும்?"

"எந்திரிக்க முடியலைங்கறதை எந்திரிச்சு வந்து எப்படி சார் சொல்றது?"

தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நடைமுறை தெரியாம பேசறீங்க. உக்காருங்க, டீ சாப்பிட்டுப் போங்க." டீ வரவில்லை. கொண்டுவரும் ஆள் முன்பக்கப் படியில் ஏறிக்கொண்டிருந்தாராம். அதிகாரிகளுக்குக் கட்டடத்தின் பின்பக்கம் தனியாக ஒரு லிப்ட் இருந்தது. அது ஓய்வெடுப்பதே இல்லை.

மூன்றாம் முறை டெய்லர் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். அவரே ஆள் ஒல்லி. இடுப்பைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். "எறக்கி விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று காதருகே குரல் கேட்டது. "பாக்கட்டும். நீ கண்ண மூடிக்க" என்றார். படியில் கிடந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். மனைவியின் உடம்பு எவ்வளவு லேசாகிவிட்டது என்பதுதான் அவரை அன்று அழவைத்தது, பாரம் அல்ல.

மேலே வாரியத்துக்கு ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. நோயாளி வந்திருக்கிறார், ஆனால் ஏறவில்லை. இப்படி ஒரு கேஸ் இதுவரை வந்ததில்லை. மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். டாக்டர் முதல்முறையாகக் கண்ணைத் திறந்தார்.

"ஏறினது யாரு?" என்றார்.

"நான்தாங்க."

"இப்படி வாங்க." டாக்டர் டெய்லரின் சட்டைப் பொத்தானை அவிழ்த்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "மூச்ச இழுங்க. விடுங்க. பிரமாதம். ஒரு ஆளையே தூக்கிட்டு ஏறியும் குதிரை மாதிரி ஓடுது."

"நோயாளி அவ சார். அந்த நாற்காலியில இருக்கா பாருங்க."

"அவங்க ஏறலையே. ஏறாதவங்க வராதவங்க, வந்தது நீங்க. வந்தவரைத்தான் பாக்க முடியும்."

குமாஸ்தா அம்மா எழுதினார். டெய்லருக்குக் களைப்பு இல்லை என்று அரசாங்க முத்திரையோடு உறுதியானது. நாற்காலியில் டிரைவரம்மா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். இதயம் துடிப்பது கழுத்தில் தெரிந்தது. அந்த அறையில் அதைப் பார்த்தவர் டெய்லர் ஒருத்தர்தான்.

அவர் வாடிக்கையாளரிடம்கூடக் குரல் உயர்த்தாதவர். அன்று உயர்த்தினார். "சார், இவ வண்டியில இருக்கறப்ப மறந்துட்டா நாப்பது பேர் செத்துப்போவாங்க சார்."

"அது போக்குவரத்துத் துறை சமாச்சாரம்" என்றார் தலைவர். "எங்க வேலை களைப்பு மட்டும்தான். வர்ற திங்கக்கிழமை அவங்க எங்க ஆபீஸ் பஸ்லயே சேரட்டும். நானே டிப்போவுக்குச் சொல்றேன். பழைய எடம், பழைய முகங்க, மனசுக்கு நல்லது." மார்புக் கறையை ஒருமுறை தடவிக்கொண்டார். நிபுணர் கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரைவரம்மா, "யூனிபார்ம எடுத்து வைங்க. போறேன்" என்றார்.

டெய்லர் பதறிப்போனார். "ஓட்டப்போறியா?"

"உக்காரப்போறேன். ஓட்டறதா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்."

யூனிபார்ம் தொளதொளவென்று தொங்கியது. டெய்லர் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை, அதிகாரிகள் குடியிருப்பு வாசலில் டிப்போ ஆள் ஒருவர் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை டிரைவரம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஏறி உட்கார்ந்தார். டெய்லர் கதவோரம் நின்றார். அதிகாரிகள் சாப்பாட்டுப் பைகளோடு வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். தலைவருக்கு எப்போதும் முதல் சீட். கையில் மூடி இல்லாத டம்ளரில் டீ. அவ்வளவு நம்பிக்கை.

"பாத்தீங்களா" என்று பஸ் முழுவதற்கும் கேட்கும்படி அவர் பேசினார். "வாரியம் கைவிட்டிருந்தா இவங்க இந்நேரம் வீட்ல படுத்திருப்பாங்க. நோயைவிடப் பெரிசு, நாம அடுத்தவங்க மேல வைக்கிற நம்பிக்கை. கெளம்பலாம்மா."

டிரைவரம்மா திரும்பி உட்கார்ந்தார். சாவி மடியிலேயே இருந்தது.

"சார், எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அந்த மேட்டுல பாதி போனதும் எறக்கம் எந்தப் பக்கம்னு சில நாள் ஞாபகம் இருக்கு, சில நாள் இல்ல. கால் சில நேரம் சொன்னதக் கேக்குது. இன்னிக்கி எப்படின்னு போகப்போகத்தான் தெரியும். நீங்க முழுத் தகுதின்னு எழுதியிருக்கீங்க. எடுக்கட்டுங்களா?"

தலைவரின் கையில் டீ ஆடியது. வண்டி இன்னும் நகரவேயில்லை.

முதலில் டாக்டர் எழுந்தார். மருந்துக்கடையில் ஒரு வேலை இருப்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அடுத்து மன உறுதி நிபுணர், சிரித்தபடியே. "காலையில நடக்கறது ஒடம்புக்கு ரொம்ப நல்லது" என்று டெய்லரிடம் சொல்லிக்கொண்டே படியில் தாவி இறங்கினார். அவருக்குப் பின்னால் மொத்த பஸ்ஸும் நடைப்பயிற்சியில் நம்பிக்கை வைத்தது. ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

கடைசியில் தலைவர் மட்டும். கௌரவத்தை விட்டு இறங்கவும் முடியவில்லை, உயிரை விட்டு உட்காரவும் முடியவில்லை. "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா" என்றார். "எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

"எனக்கும் இருக்கு சார். எல்லாருக்கும் இருக்கு" என்றார் டிரைவரம்மா.

தலைவர் இறங்கிப் போனார். எழுந்த அவசரத்தில் டீ முழுவதும் சட்டையில் கொட்டியிருந்தது. டிரைவரம்மா சாவியைக் கணவரிடம் நீட்டி, "அவங்களே சொல்லிட்டாங்க" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார், பிறகு ஸ்டியரிங்கின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மேடு ஏறி நடந்து போனதில் வாரியத்தின் மூன்று பேரும் அன்று மத்தியானம் களைப்பின் காரணமாக அரைநாள் லீவு போட்டார்கள். லீவு உடனே கிடைத்தது. அவர்களை யாரும் எதன்மேலும் ஏறிக் காட்டச் சொல்லவில்லை.

இனி சீட்டு கிடைத்துவிடும் என்றுதான் டெய்லர் நினைத்தார். மனிதர்கள்தானே, கண்ணால் பார்த்துவிட்டார்கள், பயந்தும் விட்டார்கள் என்று நினைத்தார். மறுநாளே வாரியத்திலிருந்து டிப்போவுக்கு உத்தரவு வந்தது. மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு, தலையைக் குனிந்தபடி அதைப் படித்துக் காட்டினார். இன்னார் பேருந்து ஓட்ட முழுத் தகுதி உடையவர் என்பதில் மாற்றமில்லை. அதிகாரிகளின் பாதுகாப்பு கருதி அலுவலகப் பேருந்துக்கு மட்டும் இவரை அனுப்ப வேண்டாம். பள்ளிக்கூடப் பேருந்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மேனேஜர் காகிதத்தை மடித்து வைத்தார்.

டிரைவரம்மா பஸ் சாவியைக் கணவரிடமிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தார். "அவங்க பெரியவங்க சார், பயம் வந்ததும் எறங்கி நடந்துட்டாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு அது தெரியாது. டிரைவர் அம்மான்னு நம்பி உக்காந்திருக்கும்."

அதோடு வேலை போனது. மகள் போகும் பள்ளிக்கூடத்துக்கும் அந்த பஸ்தான் என்பதை வழியில் எங்கேயும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது நல்ல நாள்களில் டிரைவரம்மா கணவருக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறார். ஒரு சட்டை முடிந்தால் படுத்துவிடுவார். மகளின் சடை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிட்டன.

ஒருநாள் குமாஸ்தா அம்மா போன் செய்தார். டெய்லர்தான் எடுத்தார்.

"வாழ்த்துகள் சார். உங்க வீட்டம்மா அதுக்கப்புறம் சீட்டு கேட்டு வரவே இல்லையா, அதனால இந்த வருஷம் குணமானவங்க கணக்குல வாரியம் அவங்களச் சேத்திருக்கு. பாராட்டு விழா வச்சிருக்கோம். தலைவர் கையால சால்வை. நேர்ல வந்து வாங்கிக்கணும்."

"எந்த மாடி?"

"மூணாவது மாடி சார், அதே ஹால்தான்."

"லிப்ட் ஓடுதா?"

"இல்ல சார், ஓய்வுல இருக்கு."

டெய்லர் கறுப்புத் துணி போட்ட ஜன்னலுக்குக் கீழே, கையில் பாதி தைத்த சட்டையோடு தூங்கிப்போயிருந்த மனைவியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குடுத்து வச்ச லிப்டும்மா அது. ஓய்வு வேணும்னு அது ஒண்ணுக்காவது எழுதிக் குடுத்திருக்கீங்களே."